வலது பக்கப் பொத்தான்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த கையோடு லரூசி ஒரு சட்டம் போட்டார்.

மேசை நடுவில் பெரிய தட்டில் குஸ்குஸ் ரவைச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. மேலே பூசணித் துண்டுகள், கொண்டைக்கடலை, ஆட்டுக்கறி. அதில் எதையும் அவர் பார்க்கவில்லை. கரண்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டினார். ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், வரிசையில் தள்ளுமுள்ளு நடந்தால் அவர் அப்படித்தான் தட்டுவார்.

“இன்னையிலேருந்து இந்த வீட்டுல ஒரு சட்டம். கம்ப்யூட்டரை விட்டு வெளிய வரும்போது எவர் கையால வேலை அழிஞ்சு போகுதோ, அவருக்கு மாடி அறை கிடையாது. அவ்வளவுதான்.”

அவர் மனைவி தலந்தா பூசணியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

“எவர் கையாலன்னா?”

“எவர் கையாலன்னாலும்.”

“உங்க கையா இருந்தாலுமா?”

லரூசி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம், டிக்கெட்டைப் பார்க்காமலே அதன் மூலையில் முத்திரை குத்திய கை. ஒரு முத்திரைகூடக் கோணியதில்லை.

“என் கையா இருந்தாலும்,” என்றார்.

“சரி. நேத்து நடந்ததுக்கும் இது சேர்த்தியா?”

“நேத்து நடந்ததை நினைச்சாத்தான் எனக்கு வயித்தெரிச்சல். ஆனா நான் நியாயமான மனுஷன். நேத்து சட்டம் இல்லை. இன்னைக்குத்தான் சட்டம்.”

“கறியை எடுத்துக்கோங்க. ஆறிப்போச்சு,” என்றாள் தலந்தா.

அந்த அறை இன்னும் கட்டப்படவில்லை. கடலோர ஊரான நாபுலில் அவர்கள் வீடு பழைய வீடு. மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்பக் கையில் பணம் சேர்ந்திருந்தது. ஒரே அறைக்குத்தான். அந்த ஒரே அறையை இருவரும் மனசுக்குள் எப்போதோ கட்டிக் குடியேறிவிட்டார்கள்.

லரூசியின் மனசில் அது அவருடைய அறை. கிழக்கே பெரிய ஜன்னல். ஜன்னல் வழியே கடல். கீழே மேசை, மேசை மேல் கணினி, கதவுக்கு உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள்தான் முக்கியம்.

தலந்தாவின் மனசில் அது வருஷச் சாமான் அறை. கோடையில் உருட்டிக் காயவைத்த குஸ்குஸ், மிளகாய்ச் சரங்கள், ஹரிஸா மிளகாய் விழுது ஜாடிகள், ஆலிவ் எண்ணெய், வசந்தத்தில் வடித்த ஆரஞ்சுப் பூநீர். இதற்கெல்லாம் வெயில் ஆகாது. ஜன்னலே கூடாது, வடக்கே காற்றுக்கு ஒரு துவாரம் போதும். இப்போதைக்கு அந்தச் சாமான்கள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் லரூசியின் சட்டைகளுக்கு நடுவிலும் இருந்தன. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் தும்முவார்.

கட்டப்போகிறவர் மொக்தார் மேஸ்திரி. இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதை ஒருநாள் முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கையை உதறினார்.

“அண்ணே, அக்கா, உங்க சண்டையை என்னால கட்ட முடியாது. ஒரு காகிதத்துல படம் போட்டுக் குடுங்க. அதுல ஜன்னல் இருந்தா ஜன்னல் வைப்பேன். சுவர் இருந்தா சுவர் எழுப்புவேன். சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன். அன்னைக்குக் காகிதம் இல்லைன்னா நான் பக்கத்து ஊரு ஹம்மாமத்துக்கு வேற வேலைக்குப் போயிடுவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்.”

வியாழக்கிழமை காலையில் லரூசி கணினி முன் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். மதியத்துக்குள் படம் முடிந்தது. ஜன்னலுக்குக் கம்பிகூடப் போட்டார். கம்பிகள் வழியே தெரியும் கடலுக்கு மூன்று அலை போட்டார். பிறகு மனநிறைவோடு எழுந்து காப்பிக் கடைக்குச் சீட்டாடப் போனார். கணினியை அப்படியே திறந்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் படத்தை நடுவில் சேமிக்கவில்லை. அவர் எப்போதுமே நடுவில் சேமிப்பதில்லை. லியோனில் இருக்கும் மகள் ரவ்தா பல தடவை சொல்லியிருக்கிறாள்: “அப்பா, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் சேமிச்சுக்கோங்க.” அவர் கேட்பதில்லை. வெளியேறும்போது கணினி தானாகவே ஒரு கேள்வி கேட்கிறது அல்லவா? நல்ல வேலைக்காரன் கதவருகே நின்று ‘ஐயா, குடையை எடுத்துக்கொண்டீர்களா’ என்று கேட்பதுபோல. அவன் கேட்கும்போது பதில் சொன்னால் போதும். அதற்கு முன்னால் குடையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவன் கோழை. இது லரூசியின் முறை.

அவர் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, திரையில் முகம் பார்த்துப் பேச ரவ்தா கூப்பிட்டாள். தலந்தாவுக்குக் கணினியில் தனிக் கணக்கு உண்டு. ஆனால் இருவர் கணக்கும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் பழைய இயந்திரத்துக்கு மூச்சு முட்டும் என்று லரூசி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒருவர் வெளியேறினால்தான் மற்றவர் உள்ளே போகலாம். அந்தக் கட்டளையை மதித்துத் தலந்தா அவர் கணக்கிலிருந்து வெளியேறினாள். திரையில் கேள்வி வந்தது. கேள்விக்குக் கீழே மூன்று பொத்தான்கள். எல்லாம் பிரெஞ்சில்.

சாயங்காலம் லரூசி திரும்பி வந்தபோது கடலும் இல்லை, கம்பியும் இல்லை, அறையும் இல்லை.

“மூணு பொத்தான்ல உனக்கு அதுதான் கிடைச்சுதா?”

“எழுதியிருந்தது புரியலை. புரியாத இடத்துல நடுவுல கை வைக்கப் பயமா இருந்துச்சு. ஓரமாத் தொட்டேன்.”

“எந்த ஓரம்?”

“இந்த ஓரம்,” என்று தலந்தா இடது கையைக் காட்டினாள்.

“இடது. சொல்லவே வேண்டாம். இடது.”

“புள்ளை கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் என்ன பிரெஞ்சு வாத்தியாரைத் தேடிக்கிட்டு ஓடவா?”

அன்று இரவு முழுக்க லரூசி புரண்டு புரண்டு படுத்தார். பொழுது விடியும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. தொலைந்தது படம்தான், ஆனால் தொலைத்தது தலந்தாவின் கை. இந்தக் கை இன்னொரு தடவையும் தொலைக்கும். சட்டம் மட்டும் இருந்தால் அறை தானாக வந்து சேரும். அப்படித்தான் வெள்ளிக்கிழமைச் சட்டம் பிறந்தது.

சாட்சி இல்லாத சட்டம் நிற்காது என்று, அன்று சாயங்காலமே எதிர்வீட்டு ஹாஜி ஷாத்லியைத் தேநீருக்கு அழைத்தார். ஹாஜி நீதிமன்றத்தில் சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி வரும்போது எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வதுதான் அவர் வேலை. அத்தனை வருஷம் அங்கே நின்றதால் சட்டமும் கொஞ்சம் அவர் மேல் ஒட்டிக்கொண்டது என்பது தெருவின் அபிப்பிராயம், முக்கியமாக அவருடைய அபிப்பிராயம்.

புதினாத் தேநீரில் மிதந்த பைன் கொட்டைகளை ஒவ்வொன்றாக மென்றபடி ஹாஜி சட்டத்தைக் கேட்டார்.

“நல்ல சட்டம். சின்னச் சட்டம். எவர் கை அழிக்குதோ அவருக்கு அறை இல்லை. ரெண்டு பேருக்கும் சம்மதமா?”

“எனக்குச் சம்மதம்,” என்றார் லரூசி.

“எனக்கு ஒரு குறை இருக்கு, ஹாஜி,” என்றாள் தலந்தா. அவள் தேநீர்க் கெண்டியை உயரத் தூக்கி ஹாஜியின் கோப்பையில் மறுபடி ஊற்றினாள். “அந்தப் பொத்தான் எல்லாம் பிரெஞ்சுல இருக்கு. எங்க காலத்துப் பள்ளிக்கூடத்துல எங்களுக்கு எல்லாம் அரபுதான். படிக்கத் தெரியாத எழுத்தை வச்சு என்னைத் தண்டிக்கலாமா?”

ஹாஜி கோப்பையை வைத்தார். முகம் நீதிமன்ற முகமாக மாறியது.

“லரூசி, இது நியாயமான பேச்சு. குற்றவாளிக்குப் புரியிற மொழியில சொல்லாம தீர்ப்பு செல்லாது. மொழிபெயர்ப்பாளர் வர்ற வரைக்கும் எத்தனை வழக்கு நின்னிருக்கு தெரியுமா?”

“ஹாஜி, இருக்கிறதே மூணு பொத்தான். அதுக்கு மொழிபெயர்ப்பாளரா?”

“அரபுக்கு மாத்திடு. நீயும் அரபு படிப்பே, அவளும் படிப்பா. சட்டம் சமமாயிடும்.”

கணினியில் மொழியை மாற்றினால் இரண்டு கணக்குக்கும் சேர்ந்துதான் மாறும். லரூசிக்கு அது பிடிக்கவில்லை. கணினி பிரெஞ்சில் இருக்கும் வரைக்கும் தலந்தா ஒவ்வொன்றுக்கும் அவரைக் கூப்பிடுவாள். அவள் கூப்பிடுவதும் அவர் சலித்துக்கொண்டே எழுந்து போவதும் அவருக்கு ஒரு பதவி மாதிரி. ஆனால் சட்டத்தைக் காப்பாற்ற அந்தப் பதவியை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கணினி முன் உட்கார்ந்து மொழியை மாற்றினார். ‘வெளியேறி மறுபடி உள்ளே வரும்போதுதான் மாறும்’ என்று திரை சொன்னது.

“நல்லதாப் போச்சு,” என்றார். “வெளியேறுறதை ரெண்டு பேரும் பாருங்க. தலந்தா, கிட்ட வா. இனிமே தெரியாது, புரியாதுன்னு சொல்லக் கூடாது.”

வெள்ளைப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தார். வெளியேறு என்றார். கேள்வி வந்தது, கீழே மூன்று பொத்தான்.

“நீ படிக்கவே வேண்டாம். ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்க. சாப்பிடுறது எந்தக் கையால?”

“வலது கையால.”

“சலாம் சொல்லி நீட்டுறது?”

“வலது.”

“பள்ளிவாசலுக்குள்ள எடுத்து வைக்கிற காலு?”

“வலது காலு.”

“அவ்வளவுதான். வலது பக்கம் நல்லது. காப்பாத்தும். இடது பக்கம் என்னத்துக்குன்னு உனக்கே தெரியும். நடுவுல இருக்கிறது, போக மனசில்லாதவனுக்கு. இப்பப் பாரு.”

கண்ணை மூடிக்கொண்டு வலது ஓரப் பொத்தானை அமுக்கினார். கணினி அவரை வெளியே விட்டது. மறுபடி உள்ளே போய்க் காட்டினார். திரை அரபுக்கு மாறியிருந்தது; அவர் கோட்டை மட்டும்தான் பார்த்தார். கோடு பத்திரமாக இருந்தது.

“கண்ணை ஏன் மூடிக்கிட்டீங்க?” என்றாள் தலந்தா.

“கைக்குத் தெரிஞ்சதுக்குக் கண் எதுக்கு?”

ஹாஜிக்கு இது மிகவும் பிடித்துப்போனது. “வலது காப்பாத்தும்,” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். லரூசி அவரை வழியனுப்புகிற சாக்கில் காப்பிக் கடைக்குப் போய்விட்டார். தலந்தா கணினி முன் உட்கார்ந்தாள். மேசை விரிப்புகளில் பூவேலை செய்பவள் அவள். தையலுக்கு முன் பூக்களைக் கட்டம் கட்டமாகக் கணினியில் வரைந்து வைத்துக்கொள்வது ரவ்தா கற்றுக்கொடுத்த பழக்கம்.

சனிக்கிழமை காலையில் லரூசி ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தபோது தலந்தா சொன்னாள்.

“ஒரு விஷயம் சொல்லணும். நேத்து நீங்க போனப்புறம் ஒரு பூ வரைஞ்சேன். வெளிய வந்துட்டு மறுபடி போய்ப் பார்த்தா பூவைக் காணோம்.”

லரூசி ரொட்டியை வைத்துவிட்டார். நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்து கடல் தெரிந்தது. ஆனால் தொலைந்தது வெறும் பூ. சட்டத்தில் பூவைச் சேர்ப்பதா என்று ஹாஜியிடம் கேட்க வேண்டும். அது வேறு வழக்கு.

“இடதை அமுக்கியிருப்பே.”

“இல்லையே. நீங்க சொன்ன மாதிரி வலதுதான்.”

“வலதா இருந்தா தொலையாது.”

“வலதுதான் அமுக்கினேன். அப்புறம் நல்லாப் பார்த்தேன். அந்த எழுத்தெல்லாம்...”

“தலந்தா, உன் வலது கையைத் தூக்கு.”

“என்ன?”

“தூக்கு சொல்றேன்.”

தலந்தா கையைத் தூக்கினாள். கையில் ஹரிஸாக் கரண்டி இருந்தது. வலது கைதான்.

“இடது கை?”

அதையும் தூக்கினாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

“சரியாத்தான் காட்டுறே. அப்ப அவசரத்துல மாத்தி அமுக்கியிருக்கே.”

“மனுஷா, நான் சொல்லவந்ததை ஒரு வார்த்தை கேளுங்க. அந்தப் பொத்தான்...”

“பொத்தானைப் பத்தி எனக்கு நீ சொல்லாதே. முத்திரை குத்தியே முப்பது வருஷம் ஓட்டினவன் நான். ஒரு முத்திரை கோணலாப் போயிருக்கா?”

“இல்லை.”

“அப்புறம்?”

தலந்தா இரண்டு கையையும் இறக்கினாள். அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “அப்புறம் ஒண்ணுமில்லை,” என்று சொல்லி அவர் ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள். அதற்குப் பிறகு பொத்தானைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. பேசாமல் விட்டாளே என்று லரூசிக்கு நிம்மதி.

வரைய உட்கார்ந்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது. மாறியது மொழி மட்டும் இல்லை. இடது பக்கம் இருந்த கருவிப் பட்டியெல்லாம் வலது பக்கம் போயிருந்தது. வலது பக்கம் இருந்த கடிகாரம் இடது பக்கம் வந்திருந்தது. புது மருமகள் வந்து ஒரே இரவில் நாற்காலியையெல்லாம் மாற்றிப் போட்ட வீடு மாதிரி இருந்தது. பென்சிலைத் தேடி இந்தப் பக்கம் போனார், கிடைக்கவில்லை. மறுபக்கம் போனார், அங்கே சிரித்துக்கொண்டு இருந்தது. அரைமணி நேரம் அரபையும் பிரெஞ்சையும் ஹாஜியையும் மாற்றி மாற்றித் திட்டினார். பிறகு கை பழகிவிட்டது. புது வீட்டில் நாலு தடவை முட்டிக்கொண்டால் கதவு எந்தப் பக்கம் என்று காலுக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

நேற்றுக் கோடு போட்ட அதே பக்கத்தில் முதலிலிருந்து எல்லாவற்றையும் வரைந்தார். மதியம் தட்டிலிருந்த, முட்டையை உள்ளே வைத்து மடித்துப் பொரித்த பிரிக் அப்பளத்திலிருந்து மஞ்சள் கரு வழிந்து மேசையில் சொட்டியது, அதையும் பார்க்கவில்லை. ஜன்னலை முன்பைவிட அகலமாக்கினார். கம்பிக்குப் பூ வளைவு போட்டார். தாழ்ப்பாளை இரண்டாக்கினார். கடலில் இந்தத் தடவை ஒரு படகும் விட்டார்.

சாயங்காலத் தொழுகைக்குச் சற்று முன் படம் முடிந்தது. சரியாக அதே நேரம் ஹாஜி ஷாத்லி கதவைத் தட்டினார். தலந்தா வரச் சொல்லியிருந்தாளாம்.

“என்னத்துக்கு?”

“சட்டம் போட்டிருக்கு, சாட்சி வேண்டாமா?” என்றாள் தலந்தா. “அது சரி, எழுந்திரிங்க. ரவ்தா கூப்பிடுற நேரம். நான் உள்ளே போகணும்.”

“மேஸ்திரி வரட்டும். அவர் கண்ணு முன்னால அச்செடுத்துக் குடுக்கணும்.”

“மேஸ்திரி வர இன்னும் நேரம் இருக்கு. புள்ளை அதுவரைக்கும் அங்க காத்துக்கிட்டு இருப்பாளா? வேணும்னா நானே உங்களை வெளிய எடுத்துடறேன்.”

“நீயா? தொடாதே. கையைப் பின்னால கட்டிக்க.”

தலந்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஹாஜி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். லரூசி சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“ஹாஜி, பார்த்துக்கோங்க. காலையிலேருந்து போட்ட படம். இதை எவ்வளவு பத்திரமா எடுத்து வைக்கிறேன்னு பாருங்க.”

“பார்க்கிறேன்.”

“எவர் கை அழிக்குதோ அவருக்கு அறை கிடையாது. அதானே, ஹாஜி?” என்றாள் தலந்தா பின்னாலிருந்து.

“அதுதான் சட்டம்,” என்றார் ஹாஜி.

“கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினாலும்?”

“கண்ணுக்குச் சட்டத்துல இடம் இல்லை. கைக்குத்தான்.”

“கேட்டீங்களா? அதனால ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு அமுக்குங்க.”

“படிக்கிறது தெரியாதவங்க வேலை,” என்றார் லரூசி.

வெளியேறு என்றார். கேள்வி வந்தது. அவர் தலையை ஹாஜி பக்கம் திருப்பி, கண்ணை மூடி, முப்பது வருஷத்து நிதானத்தோடு வலது ஓரத்தை அமுக்கினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். கணினி அவரை வெளியே விட்டது.

“பத்திரமா இருக்குமா?” என்றாள் தலந்தா.

“கல்லுல வெட்டின மாதிரி.”

அவர் வாழ்க்கையில் மிக நல்ல தேநீர் அதற்குப் பிறகு குடித்த தேநீர்தான். பக்கத்தில் தலந்தா மகளோடு திரையில் பேசிக்கொண்டிருந்தாள். “அப்பா நல்லா இருக்கார். படம் முடிச்சுட்டார். சந்தோஷமா உட்கார்ந்திருக்கார், அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்,” என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. நல்ல பெண்தான், தோற்றாலும் மரியாதையாகத் தோற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவளுக்காகச் சட்டை அலமாரியில் இன்னொரு தட்டை ஒழித்துத் தரலாம் என்றுகூட யோசித்தார்.

மொக்தார் மேஸ்திரி வந்தார். தலந்தா தன் கணக்கிலிருந்து வெளியே வந்து இடம் விட்டாள். லரூசி உட்கார்ந்து, உள்ளே போய், படத்தைத் திறந்தார்.

வெள்ளைப் பக்கம். அதில் ஒரே ஒரு கோடு. நேற்று ஹாஜிக்குக் காட்டக் கிழித்த கோடு.

லரூசி கோட்டைப் பார்த்தார். மூடித் திறந்தார். கோடுதான் இருந்தது.

“என்ன அண்ணே, இதுதான் அறையா?” என்றார் மேஸ்திரி. “சுவர் மட்டும் போதுமா?”

“இரு மொக்தார். எங்கேயோ இருக்கு.”

தேடினார். கணினியில் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தார். இருந்த கோப்புறையையெல்லாம் திறந்துவிட்டு முதலிலிருந்து மறுபடி திறந்தார்.

“தலந்தா, நீ உள்ளே போயிருந்தப்ப என்ன பண்ணினே?”

“புள்ளைகிட்டப் பேசினேன். ஹாஜி பக்கத்துலயே இருந்தார்.”

“பேச மட்டும்தான் பேசினா. நான் சாட்சி,” என்றார் ஹாஜி. “லரூசி, எந்தப் பக்கம் அமுக்கினே?”

“வலது.”

“நான் பார்த்தேன். வலதுதான்.”

“வலதா இருந்தா தொலையாது,” என்றாள் தலந்தா.

காலையில் தான் சொன்ன வாக்கியம் அடுப்படியிலிருந்து நடந்து வந்து எதிரே நிற்பது லரூசிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தலந்தா மெதுவாகக் கேட்டாள்.

“இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்களேன். கண்ணைத் திறந்துக்கிட்டு.”

லரூசி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார். வெளியேறு என்றார். கேள்வி வந்தது. ஹாஜி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். அரபு படிப்பவர்கள் எல்லாரையும்போல வலமிருந்து ஆரம்பித்தார். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் குரலில் படித்தார்.

“சேமிக்காமல் வெளியேறு.”

ஹாஜி அடுத்த பொத்தானுக்கு நகர்ந்தார்.

“வேண்டாம், இங்கேயே இரு.”

கடைசிக்குப் போனார். இடது ஓரம்.

“சேமி.”

பட்டி எதிர்ப்பக்கம் போனபோது, கடிகாரம் எதிர்ப்பக்கம் போனபோது, பென்சில் எதிர்ப்பக்கம் போனபோது, இந்த மூன்று பொத்தான் மட்டும் தன் மேல் மரியாதை வைத்து அதே இடத்தில் நிற்கும் என்று லரூசி நினைத்திருந்தார். நினைக்கக்கூட இல்லை. கை நினைத்தது.

“அப்படின்னா உன் பூ?” என்றார் மெதுவாக.

“அதைத்தான் காலையில சொல்ல வந்தேன். கையைத் தூக்கச் சொல்லிட்டீங்க.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்த வலது கையைப் பார்த்தார்கள். லரூசியும் பார்த்தார். அதைச் சட்டைப்பைக்குள் வைக்கலாமா என்று அவருக்குத் தோன்றியது.

“ஹாஜி, இது செல்லாது,” என்றார். “இயந்திரம் பக்கம் மாத்திடுச்சு. இது ஏமாத்து.”

“மொழியை மாத்தினது யார் கை?”

“நீங்கதானே மாத்தச் சொன்னீங்க.”

“நான் வாயால சொன்னேன். சட்டத்துல வாய்க்கு இடம் இல்லை. பொத்தான்ல எழுதியிருந்தது, உனக்குப் படிக்கத் தெரியும், படிச்சுப் பாருன்னு உன் பொண்டாட்டி என் காதுபடச் சொன்னா.” ஹாஜி கண்ணாடியைக் கழற்றினார். “வழக்கு முடிஞ்சுது.”

மேஸ்திரி சுவரில் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்தார். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. காகிதம் இல்லைன்னா நான் கிளம்பறேன். ஹம்மாமத்துக்காரர் காத்துக்கிட்டு இருக்கார்.”

“கொஞ்சம் இரு மொக்தார்,” என்றாள் தலந்தா. “என்கிட்ட ஒண்ணு இருக்கு.”

அவள் உட்கார்ந்தாள். தன் கணக்கில் நுழைந்தாள். ஒரு படத்தைத் திறந்தாள். பூவேலைக்காரியின் படம், ஒவ்வொரு செங்கலும் ஒரு தையல் மாதிரி நேராக இருந்தது. சுவர், அலமாரித் தட்டுகள், மிளகாய்ச் சரம் தொங்கவிடக் கொக்கிகள், ஜாடிகளுக்கு வட்டம் வட்டமாக இடம், வடக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம். அச்சு இயந்திரம் முனகிக்கொண்டே காகிதத்தை வெளியே தள்ளியது.

“இதை எப்ப வரைஞ்சே?” என்றார் லரூசி.

“பூ தொலைஞ்சப்புறம். தூக்கம் வரலை.”

மேஸ்திரி காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அக்கா, இதுதான் படம். இதைக் கட்டலாம்.” விரல் ஒரு மூலைக்குப் போனது. “எண்ணெய் ஜாடிக்கும் குஸ்குஸ் பானைக்கும் நடுவுல இது என்ன சின்னச் சதுரம்?”

“அது இவர்,” என்றாள் தலந்தா. “நாற்காலி, மேசை, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து. கீழே இடம் இல்லையே.”

லரூசி எட்டிப் பார்த்தார். அவர் ஜாடியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தார்.

“தாழ்ப்பாள்?” என்று கேட்டார்.

“இருக்கு. வெளிப்பக்கம். பூனை வரக் கூடாதில்ல.”

மழைக்காலத்துக்கு முன் அறை எழும்பியது. தலந்தா மிளகாயை ஏற்றினாள், ஜாடிகளை அடுக்கினாள், கடைசியில் கணவரை வைத்தாள். கடல் தெரியவில்லை. துவாரத்தின் வழியே ஹாஜி ஷாத்லி வீட்டுக் கொடியில் காயும் துணி தெரிந்தது. லரூசி தலைக்கு மேல் தொங்கும் மிளகாய்க்குப் பயந்து குனிந்தே உட்கார்ந்தார், தும்மிக்கொண்டே வேலை செய்தார். கணினியைப் பிரெஞ்சுக்கே மாற்றிவிடலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். எல்லாம் பழகிப்போயிடுச்சே, இனிமே எதுக்கு என்றாள் தலந்தா.

இப்போதெல்லாம் அவர் வெளியேறும் நேரம் அந்தத் தெருவுக்கே தெரியும். கேள்வி வரும். மூன்று பொத்தானும் வரும். அவர் கை எழும்பும், அந்தரத்தில் நிற்கும், தன்னையே நம்பாமல் இறங்கும். பிறகு மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிடுவார்.

“தலந்தா, எந்தப் பக்கம்?”

கீழே அடுப்படியிலிருந்து ஹாஜி வீடு வரை கேட்கிற மாதிரிப் பதில் வரும்.

“இடது பக்கம், மனுஷா. வலது சாப்பிடுறதுக்கு மட்டும்.”